கீழே பார்த்துப் பூத்த சம்பங்கி

எங்கள் சி பிளாக்கில் சம்பங்கி மேல்தளத்து வழியாகக் கீழே இறங்கிய வருஷம் எனக்குப் பதினாறு வயசு. என் தொண்டைக்கு மட்டும் கணக்கே கிடையாது. யார் குரலை ஒரு தடவை கேட்டாலும் அது எனக்குள் வந்து பாய் விரித்துப் படுத்துக்கொள்ளும். பஸ் ஸ்டாண்டில் "பழனி, பழனி, ஒட்டன்சத்திரம் ஏறு" என்று கூவுகிறவர், ரேஷன் கடையில் "கைரேகை விழல, நாளைக்கு வாங்க" என்கிறவர், பங்குச் சாமியார் பூசையில் போடுகிற இழுவை, அம்மாவின் தையல் மெஷின், மேல்வீட்டுக் குருவம்மாள் பெரியம்மாவின் குக்கர் என்று எல்லாம் எனக்கு வரும். அந்தக் குக்கரின் மூன்றாவது விசிலை நான் படிக்கட்டில் நின்று அடித்தால் பெரியம்மா அடுப்பை அணைத்துவிடுவார், பருப்பு வேகாது, பிச்சைமணி பெரியப்பா அரைவேக்காட்டுப் பருப்பைத் தின்றுவிட்டு மூன்று நாள் என்னைத் தேடுவார். வீட்டில் எனக்கு வைத்த தமயந்தி என்ற பெயர் ரேஷன் கார்டோடு நின்றுபோக, பிளாக் முழுக்க நான் ரேடியோ.

எங்கள் படிக்கட்டுக்கு மூன்றே வீடு, ஒன்றின் தலைமேல் ஒன்று. கீழ்வீட்டில் லூர்து அத்தை. நூல் மில்லில் அறுந்த இழையை ஒட்டுகிற வேலை. நடுவீட்டில் நானும் அம்மாவும், அப்பா திருப்பூரில். மேல்வீட்டில் பெரியப்பாவும் பெரியம்மாவும். முப்பத்து மூன்று வருஷம் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். அதற்கும் மேலே மொட்டைமாடி.

லூர்து அத்தைக்கு ஒரே மகள், பிரிசில்லா. நானும் பிரிசியும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. யாரை ஏமாற்றுவது என்று அவள் முடிவு செய்வாள், எந்தக் குரலில் என்று நான் முடிவு செய்வேன். போன மார்கழியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் கொதித்து, நாலாம் நாள் விட்டுவிட்டது, "நல்லாத்தாம்மா இருக்கேன், நீ வேலைக்குப் போ" என்று அவளே அம்மாவை அனுப்பி வைத்தாள், நான் அரைப்பரீட்சை எழுதப் போய்விட்டேன். டெங்கு அப்படித்தான், விட்ட மாதிரி விட்டுத்தான் பிடிக்கும் என்று பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். ஷிப்டு முடிந்து அத்தை மில்லை விட்டு வெளியே வந்தபோது வாசலில் பிச்சைமணி பெரியப்பா நின்றுகொண்டிருந்தார். அவர் காலில் செருப்பு இல்லாததைப் பார்த்ததுமே அத்தைக்குத் தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஆறு மாதம் அத்தை யாரிடமும் நாலு வார்த்தைக்கு மேல் பேசவில்லை. ஆனி மாதம் ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்து, அம்மாவின் தையல் மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டு, "வர்ற கல்லறைத் திருநாளுக்கு என் கையால வளத்த சம்பங்கியத்தான் அவளுக்கு வைக்கப் போறேன்" என்றார்.

அத்தை அதுவரை ஒரு கறிவேப்பிலைக் கன்றுகூட வைத்ததில்லை. அம்மா மெஷினை நிறுத்திவிட்டு, "மார்க்கெட்டுல கூடை கூடையாக் கிடக்குதே மதினி" என்றாள்.

"அது கடைக்காரன் கைப்பூ. அவ போற நேரத்துல இந்தக் கை எவனோ கட்டப் போற வேட்டிக்கு இழை ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அவளுக்குன்னு ஒரு வேலையாவது இந்தக் கை செய்யணும்."

அம்மா என்னைப் பார்த்தாள். அதனால் நான்தான் அத்தையோடு நிலக்கோட்டைக்குப் போனேன். அங்கே செல்லக்கண்ணு என்று ஒரு பூக்காட்டுக்காரர், வெற்றிலையைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு, ஒவ்வொரு பேச்சிலும் ஒரு "தாயி" போட்டு, முடிவில் ஒரு சின்ன இருமல் போட்டுப் பேசினார். அரைச் சாக்குக் கிழங்கு கொடுத்தார். பார்ப்பதற்கு வெங்காயத்துக்கு ஒன்றுவிட்ட அண்ணன் மாதிரி இருந்தது. "ஆடியில வை தாயி, இருபது முப்பது நாளுல முளைச்சிரும், ஐப்பசியில பூ பார்க்கலாம். சந்தேகம் வந்தா போன் போடு" என்று நம்பரைச் சொன்னார். அத்தை தன் போனை என்னிடம் நீட்டினார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து நான் அந்த நம்பரைப் பதிந்தேன். செல்லக்கண்ணு என்று பெயர் போட்டேன். நம்பர் மட்டும், அப்பா வீட்டில் விட்டுப்போன பழைய பட்டன் போனுடையது. ஏன் அப்படிச் செய்தேன் என்றால், பிரிசி பக்கத்தில் இருந்திருந்தால் அதைத்தான் செய்யச் சொல்லியிருப்பாள். ஆறு மாதமாக ஏமாற்றுவதற்கு யாரும் எனக்கு ஒரு ஆளைக் காட்டவில்லை.

ஆடி முதல் வெள்ளிக்கிழமை மொட்டைமாடியில் பன்னிரண்டு சிமெண்ட் சாக்கில் மண்ணை நிரப்பி வைத்துவிட்டு, அத்தை ஒரு கிழங்கைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கம் கூராக இருந்தது, ஒரு பக்கம் காய்ந்த வேர் தாடி மாதிரி தொங்கியது. "எது மேல இருக்கணும்டி?" என்றார். "கேட்டுருவோம் அத்தை" என்று சொல்லிவிட்டு நான் தண்ணீர் எடுத்து வருகிற மாதிரித் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். பட்டன் போன் என் மடியில் குறுகுறுவென்று நடுங்கியது.

"தாயி, சொல்லு" என்று இருமினேன்.

"அண்ணே, கூர் மேலயா கீழயா?"

"கூர் கீழ பார்த்து இருக்கணும் தாயி. வேர் மேல இருக்கட்டும், அதுக்குக் காத்து வேணும்ல. மனுசனுக்கு மூக்கு எங்க இருக்கு? மேலதானே இருக்கு."

"அதானே" என்றார் அத்தை.

தொட்டிக்குப் பின்னால் நான் முட்டியைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். குடத்தைத் தூக்கிக்கொண்டு போய், "அத்தை, ஏமாந்தீங்களா" என்று சொல்லத்தான் நினைத்திருந்தேன், சத்தியமாக. ஆனால் அத்தை ஒரு தகப்பன் பிள்ளைக்குத் தலைப்பாகை கட்டுகிற கவனத்தோடு ஒவ்வொரு கிழங்காகத் தலைகீழாக வைத்து மண் மூடிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்து, "நல்ல மனுசன்டி. தாயின்னு கூப்புடுறான்" என்று சிரித்தார். ஆறு மாதத்தில் அதுதான் முதல் சிரிப்பு. அதை எப்படித் திரும்ப வாங்குவது? நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன்.

இருபது நாள் ஆயிற்று, முப்பது நாள் ஆயிற்று. சாக்கு சாக்காகவே இருந்தது. அத்தை ஷிப்டுக்குப் போகுமுன் ஒரு குடம், வந்தபின் ஒரு குடம் ஊற்றினார். மண் கறுப்பதும் வெளுப்பதுமாக இருந்ததே தவிர ஒரு பச்சைப் பொட்டுகூட வரவில்லை. நாற்பதாம் நாள் பெரியப்பா மாடிக்கு வந்து ஒரு சாக்கில் விரலை விட்டுத் தோண்டி, "என்னம்மா லூர்து, வண்டிய ரிவர்ஸ்ல போட்டு வச்சிருக்க. உச்சி கீழ இருக்கு பாரு" என்றார்.

"பூக்காட்டுக்காரர் சொல்லித்தான் வச்சேன். நீங்க பஸ் ஓட்டுனவரு" என்று அத்தை அந்தக் கிழங்கை மறுபடியும் அப்படியே புதைத்தார். நான் என் பெருவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம்.

வாரத்துக்கு ஒரு தடவை அத்தை செல்லக்கண்ணுவைக் கூப்பிட்டார். "இன்னும் வரலண்ணே." "வரும் தாயி, மண்ணுக்கு அவசரம் தெரியாது." அதோடு வைத்துவிடுகிறவர் மெதுவாக வேறு பேச ஆரம்பித்தார். பிரிசிக்குச் சம்பங்கி வாசனை பிடிக்கும், ஆனால் தலையில் வைத்தால் தும்முவாள் என்றார். அவளுடைய பள்ளிக்கூடப் பையைத் துவைக்காமல் வைத்திருக்கிறேன் என்றார். எங்கள் ஒருவரிடமும் சொல்லாததையெல்லாம் நிலக்கோட்டையில் இருக்கிற ஒரு பூக்காட்டுக்காரரிடம் சொன்னார், அந்த ஆள் தொட்டிக்குப் பின்னால் குந்தியிருந்து "ம்", "ம்" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆவணி கடைசியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், குருவம்மாள் பெரியம்மா சட்னிக்குத் தாளிக்கும்போது தலைக்கு மேலே ஏதோ தெரிந்தது. பல்லி என்று நினைத்துக் கரண்டியை ஆட்டி விரட்டினார். பல்லி நகரவில்லை. சமையல்கட்டின் மேல்தளத்தில் ஒரு விரல் நீளத்துக்குப் பச்சை இலை, கூராக, கீழே பார்த்து நின்றது. மத்தியானத்துக்குள் பன்னிரண்டு இடத்தில் நின்றது. சாக்கு எப்படி வரிசையாக இருந்ததோ அதே வரிசை, சமையல்கட்டில் நாலு, கூடத்தில் ஆறு, கக்கூசில் இரண்டு.

பெரியம்மா படிக்கட்டில் எட்டிப் பார்த்து, "ஏ லூர்து, ஒன் செடி எங்க வீட்டுக்குள்ள ஒழுகுது" என்று கத்தினார்.

பிளாக்கில் எது ஒழுகினாலும் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஜமால் சாரைத்தான் கூப்பிடுவோம். அவர் ஏணி போட்டு ஏறி, மேல்தளத்தை விரல்கணுவால் தட்டிப் பார்த்து, காதை வைத்துக் கேட்டு, கீழே இறங்கிக் கண்ணாடியைத் துடைத்தார். "ஈரம் இல்லை. விரிசல் இல்லை. ஆகவே இது ஒழுகல் ஆகாது. ஒழுகலாக இருந்தால் மேலே உள்ளவர் சரி செய்து தர வேண்டும். இது முளைப்பு. முளைப்பைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை" என்றார். அவர் வாயிலிருந்து வருகிற எல்லாமே அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த மாதிரிதான் வரும்.

"அப்ப பூத்தா பூ யாருக்கு?" என்றார் பெரியம்மா.

"பக்கத்து வீட்டு முருங்கை நம்ம பக்கம் சாஞ்சா காய் நமக்குத்தானே" என்றார் பெரியப்பா.

"சாஞ்சாத்தான். இது தொங்குது" என்றார் ஜமால் சார். ஒரு கூட்டமும் ஒன்றேகால் மணி நேரமும் கழித்து, பூ வைத்தவருக்கு, நிழல் வீட்டில் இருப்பவருக்கு என்று தீர்மானம் ஆயிற்று. பெரியம்மா அதைக் கேட்டு, "நிழல வச்சு நான் என்ன குழம்பா வைக்க?" என்று கேட்டாலும், அன்றைக்கே கூடத்து மின்விசிறியைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டார். இறக்கை பட்டு இலை அறுந்துவிடும் அல்லவா.

இலை நீண்டு தொங்கத் தொங்க அந்த வீட்டில் எல்லோரும் குனிந்து நடக்கப் பழகினார்கள். கேஸ் சிலிண்டர் போட வருகிறவர் குனிந்து வந்து குனிந்து போனார். மாப்பிள்ளை பார்க்க எங்கிருந்தோ வந்த தூரத்துச் சொந்தம் ஒன்று, சி பிளாக்கில் மேல்வீட்டுக்காரர்கள் ரொம்பப் பணிவு, வீட்டுக்குள்ளேயே நிமிர மாட்டார்கள் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தது. பெரியப்பா மட்டும் கக்கூசுக்குப் போகும்போது வாயால் ஹாரன் அடித்துக்கொண்டு போவார். கேட்டால், வளைவில் எதிரே என்ன தொங்குகிறது என்று தெரியாது என்பார். மேலே அத்தை தண்ணீர் ஊற்றினால் கீழே இலை நுனியில் ஒரு சொட்டு திரண்டு நிற்கும். அதற்குப் பன்னிரண்டு டம்ளர் வைத்தார் பெரியம்மா. குடித்துப் பார்த்துவிட்டு இனிக்கிறது என்றார், பெரியப்பா உப்புக் கரிக்கிறது என்றார். அதில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை நின்றது.

அத்தை தினமும் மாலையில் வந்து கூடத்து நடுவில் அண்ணாந்து நிற்பார். மறுபடி மாடிக்குப் போய் வெறும் மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றுவார். செல்லக்கண்ணுவுக்குப் போன் போட்டு, "முளைச்சிருச்சுண்ணே, கொஞ்சம் கீழயா முளைச்சிருச்சு" என்றார்.

"சில மண்ணு அப்படித்தான் தாயி."

"நீங்க சொல்லித் தப்பா இருக்குமா."

புரட்டாசியில் தண்டுகள் பெரியப்பா வீட்டுத் தரையைத் தொட்டு, தரைக்குள் போய், எங்கள் வீட்டு மேல்தளத்தில் இறங்கின. ஒன்று அம்மாவின் மெஷினுக்கு நேர் மேலே வந்தது. அம்மா மெஷினை நகர்த்தாமல், தைத்து முடித்த ஜாக்கெட்டுகளை அந்தத் தண்டில் கொக்கி போட்டு மாட்டிக்கொண்டாள். இன்னொன்று என் தலையணைக்கு மேலே. கதிர்நுனியில் மொட்டு கட்டியிருந்தது, பச்சரிசி மாதிரி ஜோடி ஜோடியாக. காலையில் கண் விழித்தால் அது என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும், வகுப்பில் விடை தெரியாதவளை டீச்சர் பார்க்கிற மாதிரி.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அம்மா கடைக்குப் போயிருந்தபோது, பட்டன் போன் நடுங்கியது. நான் மாடிக்குப் போகவில்லை, படுத்தபடியே எடுத்தேன். அத்தை எங்களுக்கு நேர் கீழே ஜன்னலோரம் உட்கார்ந்து பேசியதால் அவர் குரல் எனக்கு இரண்டு தடவை கேட்டது. ஜன்னல் வழியாக ஒன்று, போன் வழியாக ஒன்று.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும். சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துலகூடச் சொல்லல."

"சொல்லு தாயி."

"அவ போன அன்னைக்கு மத்தியானம் மில்லு ஆபீசுக்குப் போன் வந்துச்சு. எங்க போனையெல்லாம் உள்ள விட மாட்டாங்க, ஆபீசுக்குத்தான் பேசணும். சூப்பர்வைசர் வந்து, ஒன் மக லைன்ல இருக்கும்மான்னாரு. நான் போகல."

"ஏன் தாயி?"

"எங்க மாடில ஒரு பிள்ள இருக்கு. யார் மாதிரியும் பேசும். அதுக்கு முன்னாடி ரெண்டு தடவ, எம் மக குரல்லயே ஆபீசுக்குப் பேசி, அம்மா வயித்து வலி, ஓடியான்னுச்சு. ஓடியாந்தேன். ரெண்டு கழுதையும் வாசப்படியில உக்காந்து ஐஸ் தின்னுக்கிட்டுச் சிரிக்குதுக. மூணாவதும் அதுதான்னு நெனச்சுட்டேன். காய்ச்ச விட்டுருச்சுல்ல, வெளாட ஆரம்பிச்சிருச்சுகன்னு நெனச்சேன். ரேடியோவ வைக்கச் சொல்லுங்க சார், சாயந்தரம் வந்து காதத் திருகுறேன்னு சொல்லிட்டு இழைய ஒட்டுனேன்."

எனக்கு நினைவிருந்தது. இரண்டாவது தடவை அது பால் ஐஸ். குரல் எப்படி நடுங்க வேண்டும் என்று பிரிசிதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாள்.

"அண்ணே, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் தாயி."

"அந்தப் பிள்ளைக்கு இது தெரியவே கூடாது. அது மேல கோவமே இல்லன்னு சொல்ல மாட்டேன். அது படியேறுற சத்தம் கேட்டா சில நாளு வயிறு எரியும். ஆனா தெரிஞ்சா அது சாகுற வரைக்கும் வாயத் தொறக்காது. எம் மக குரலு இனி எங்கயாவது இருக்குன்னா அது தொண்டையிலதான் இருக்கு. அது மூடிக்கிட்டா அவ்வளவுதான்."

நான் இருமினேன். செல்லக்கண்ணுவின் இருமல் அது ஒன்றுதான் என்னிடம் மிச்சம் இருந்தது.

அதற்குப் பிறகு எனக்கு எந்தக் குரலும் வரவில்லை. வாயைத் திறந்தால் பஸ் ஸ்டாண்டுக்காரரும் வரவில்லை, சாமியாரும் வரவில்லை. உள்ளே எல்லோரும் பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். என் சொந்தக் குரல் எது என்று தேடினால் அதுவும் சரியாக அகப்படவில்லை. "ரேடியோ ரிப்பேரா?" என்று பெரியப்பா படிக்கட்டில் நிறுத்தி என் காதைத் திருகிப் பார்த்தார், ஸ்டேஷன் மாற்றுகிற மாதிரி. பெரியம்மா, "நீ அடிக்காம எனக்கு விசில எண்ண வரலடி, பருப்பு கூழாப் போகுது" என்று குறைப்பட்டார். மாடியில் இன்னும் மண்ணுக்குள் தலைகீழாக இருந்த கிழங்கும் நானும் ஒரே மாதிரி இருந்தோம் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அது வளர்ந்துகொண்டிருந்தது.

ஐப்பசி பிறந்தபோது தண்டுகள் எங்கள் தரைக்குள் இறங்கி லூர்து அத்தை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. பன்னிரண்டு சாக்கும் பன்னிரண்டு இடத்தில் இருந்தும், அந்த வீட்டில் மட்டும் எல்லாம் ஒரே இடத்துக்கு வந்து கூடின. பிரிசியின் கட்டிலுக்கு மேலே, கொசுவலை மாதிரி. மொட்டு பருத்து வெள்ளை தெரிய ஆரம்பித்திருந்தது. பிளாக்கே வந்து பார்த்தது. கல்லறைத் திருநாளுக்கு இன்னும் ஆறு நாள், ஐந்து நாள் என்று ஜமால் சார் அறிவிப்புப் பலகையில் எழுதினார். பால்காரர் முதல் ஆளாக, "விரிஞ்சிருச்சாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் பாலை ஊற்றினார்.

விரியவில்லை. நவம்பர் ஒன்றாம் தேதி மொட்டுகள் கட்டிலைக் கடந்து தரையைத் தொட்டன. "அறுத்து வச்சிரு லூர்து, தண்ணியில போட்டா விரியும்" என்றார் பெரியம்மா. அத்தை கத்தரிக்கோலை எடுத்துத் தண்டைப் பிடித்தார். "எங்கயோ போகணும்னு அவசரமாப் போகுதுக. நான் ஒரு தடவ வேல இருக்குன்னு நின்னுட்டேன். இதுகள நிறுத்த மாட்டேன்" என்று கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். அவர் என்ன சொல்கிறார் என்று என்னைத் தவிர அங்கே ஒருவருக்கும் புரியவில்லை. மறுநாள் விடிந்தபோது கடைசி மொட்டும் தரைக்குள் போயிருந்தது. அதற்குக் கீழே வீடு இல்லை.

இரண்டாம் தேதி சாயந்தரம் கல்லறை மந்திரிப்புக்கு அத்தை வெறுங்கையோடு கிளம்பினார். நாங்கள் எல்லோரும் கூடப் போனோம். குருவம்மாள் பெரியம்மா நெற்றி நிறையக் குங்குமத்தோடு, ஜமால் சார் ஒரு பாட்டில் தண்ணீரோடு, பெரியப்பா புதுச் செருப்போடு. ஒன்றரை மாதம் குனிந்து நடந்தவர்களுக்கு அந்தப் பூவில் பங்கு இல்லையா. பெரியம்மாவின் பையில் கடையில் வாங்கிய சம்பங்கி மாலை ஒன்று ஒளிந்திருந்தது எனக்குத் தெரியும். கடைசிவரை அதை அவர் வெளியே எடுக்கவில்லை.

கல்லறைத் தோட்டம் முழுக்க மெழுகுவத்தியும் மாலையும் ஊதுபத்திப் புகையுமாக இருந்தது. எல்லாக் கல்லறைமேலும் பூ மேலே பார்த்துக் கிடந்தது. பிரிசியுடையது மட்டும் சுண்ணாம்பு அடித்து, ஒரே ஒரு வத்தியோடு மொட்டையாக இருந்தது. அத்தை மண்டியிட்டு இரண்டு கையையும் மண்மேல் வைத்தார். சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்தவர் அந்த இடத்தில் நின்று மூக்கை உறிஞ்சினார்.

வாசனை கீழேயிருந்து வந்தது. ஊதுபத்தியைத் தள்ளிக்கொண்டு, மெழுகு வாடையைத் தள்ளிக்கொண்டு, மழை விட்டதும் சாயங்காலம் மட்டும் சம்பங்கி விடுகிற அந்தக் கனத்த வாசனை, கால் கட்டைவிரல் வழியாக ஏறுகிற மாதிரி வந்தது. மண்ணில் ஒரு வெடிப்பும் இல்லை. யாரும் தோண்டிப் பார்க்கச் சொல்லவில்லை.

"கீழ பூத்திருக்கு" என்றார் பெரியப்பா.

"பூ வைத்தவருக்கு" என்று ஆரம்பித்த ஜமால் சார் அதை முடிக்காமல் கண்ணாடியைக் கழற்றினார்.

எல்லோரும் மெல்ல நகர்ந்து அடுத்த கல்லறைகளைப் பார்க்கிற மாதிரிப் போய்விட்டார்கள். நான் போகவில்லை. அத்தை எழுந்து, கைமண்ணைத் தட்டாமலே போனை எடுத்தார். "அந்த மனுசனுக்குச் சொல்லணும்" என்று எனக்கு முதுகு காட்டி நின்று பொத்தானை அழுத்தினார்.

பட்டன் போன் என் பாவாடைப் பையில் இருந்தது. மூன்று மாதமாக அதை நான் சத்தம் வராமல்தான் வைத்திருந்தேன். அன்று காலையில், தரைக்குள் போன கடைசி மொட்டைப் பார்த்துவிட்டு வந்து, சத்தத்தைத் திறந்துவிட்டிருந்தேன்.

அது கல்லறைத் தோட்டம் முழுக்கக் கேட்கிற மாதிரி அடித்தது.

அத்தை திரும்பினார். அவர் காதில் போன். என் பையில் சத்தம். நான் எடுத்துக் காதில் வைத்தேன். எங்களுக்கு நடுவில் இரண்டு எட்டுத் தூரம், ஒரு கல்லறை அகலம். செல்லக்கண்ணுவை வரச்சொல்லி ஒரு தடவை தேடினேன், இருமலுக்குத் தொண்டையைச் செருமினேன். வந்தது வேறொன்று; கரகரப்பாக, ஒல்லியாக, நான் அவ்வளவாகப் பழகாத ஒரு குரல்.

"அத்தை" என்றேன்.

அத்தை போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். வத்தி ஒரு விரல் இறங்கியது. பிறகு என்னிடம் பேசாமல், போனிடம் பேசினார்.

"அண்ணே, பூத்திருச்சுண்ணே."

"ம்."

"அந்தப் பிள்ளைக்குத் தெரியக் கூடாதுன்னு சொல்லியிருந்தேனே."

"அதுக்குத் தெரிஞ்சிருச்சு, அத்தை. உச்சி கீழ வைக்கச் சொன்னதும் அதுதான்."

"அடுத்த வருசம் எப்படி வைக்கணும்?"

"மேல பார்த்து வைக்கணும். அப்பத்தான் முளைக்கும்."

"வேணாம். இப்படியே வைப்போம். மேல பூத்தா நமக்குத்தான தெரியும், அவளுக்கு என்ன தெரியும்." அவர் மூச்சு எனக்கு நேரிலும் போனிலுமாக இரண்டு தடவை கேட்டது. "அந்தப் பிள்ள இப்ப என்ன செய்யுது?"

"அழுகுது."

"பக்கத்துல யாரு இருக்கா?"

"ரெண்டு எட்டு தள்ளி ஒரு ஆளு நிக்கிறாங்க."

"கிட்டப் போகணும்னுதான் பாக்குறாங்க அண்ணே. இன்னைக்குக் காலு வரல" என்றார் அத்தை. "வீட்டுக்கு வரச் சொல்லுங்க. முன்னால நடக்கட்டும், நான் பின்னால வாறேன். போன மட்டும் வச்சிற வேணாம்னு சொல்லுங்க."

நான் முன்னால் நடந்தேன். பெரியம்மா ஏதோ கேட்க வாயெடுத்தார், பெரியப்பா அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். ரோட்டைக் கடந்து, மில் மதிலைக் கடந்து, பிளாக் வாசல் வரைக்கும் அத்தையின் செருப்புச் சத்தம் என் முதுகுக்குப் பின்னாலும் என் காதுக்குள்ளும் வந்துகொண்டே இருந்தது. படிக்கட்டில் நான் ஏறினேன், அத்தை கீழே நின்றார். என் காலடிச் சத்தத்தை அவர் கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஒவ்வொரு படியாக, மெதுவாக ஏறினேன்.